ஆண்டுதோறும், ஆனால் எங்கே? உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் இடத்தேர்வு வரலாறு

1939 ஜூலைத் தொடக்கத்தில் நியூயார்க்கில் கூடிய அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஏறத்தாழ 200 பேர், தங்கள் கூட்டத்தை 'உலக' மாநாடு என்று அழைத்துக்கொண்டனர். அந்நகரில் அப்போது நடந்துவந்த உலகக் கண்காட்சியை ஒட்டி வந்த அடைமொழி அது. அடுத்து சிகாகோ, பின்பு டென்வர். 1942இல் லாஸ் ஏஞ்சலஸின் முறை வந்தபோது போர் குறுக்கிட்டது. அம்மாநாடு 1946இல்தான் கூடியது. அந்த இடைவெளி நீங்கலாக, ஆண்டுக்கு ஒரு மாநாடு என்ற வழக்கம் இன்றுவரை கலையவில்லை. கால அளவை இப்படி அசையாமல் வைத்ததால், ஏற்பட்ட பிணக்குகள் எல்லாம் 'எங்கே' என்ற கேள்வியின் மேலேயே விழுந்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

இம்மாநாட்டை நடத்த நிரந்தர அலுவலகம் எதுவுமில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஊரின் ரசிகர்கள் குழு அமைத்து, ஊதியமின்றி உழைக்கின்றனர். ஒரே ஊர் அச்சுமையை ஆண்டுதோறும் சுமக்க இயலாது. வருவோரும் சொந்தப் பணத்தில்தான் பயணம் செய்கின்றனர். ஆகவே வட அமெரிக்காவை மேற்கு, நடு, கிழக்கு என மூன்று மண்டலங்களாக வகுத்து முறைவைக்கும் வழக்கம் உருவாயிற்று. 1958 முதல் வரிசையைப் பார்த்தாலே அது புலப்படும்: லாஸ் ஏஞ்சலஸ், டெட்ராய்ட், பிட்ஸ்பர்க், சியாட்டில், சிகாகோ, வாஷிங்டன், ஓக்லண்ட். தொலைவின் செலவை மூன்று பகுதியினரும் மாறி மாறி ஏற்கும் ஏற்பாடு இது. அமெரிக்கர் தம்மையே மையமாக வைத்துக்கொண்டனர் என்ற குறை நியாயமானதே. ஆனாலும் எளிய வருவாய்க்காரரான ரசிகருக்கு மூன்றாண்டில் ஒருமுறையாவது மாநாட்டைப் பக்கத்தில் கொண்டுவந்தது இம்முறைதான்.

ஓர் ஊர் தன் முறைக்காக எவ்வளவு ஏங்கும் என்பதற்கு 1958ஆம் ஆண்டு மாநாடே சான்று. கலிஃபோர்னியாவின் சவுத் கேட் என்னும் சிற்றூருக்கு அவ்வாண்டில் மாநாடு வேண்டும் என்று ரிக் ஸ்னியரி என்ற ரசிகர் 1948லேயே முழங்கத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து மாநாடு லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. ஆயினும் மேயர் பிரகடனத்தின் வழியே அந்த இடம் சவுத் கேட்டாகக் கருதப்பட்டது. நெடுங்கால விருப்பத்துக்குச் சமூகம் அளித்த மரியாதை அது.

கடல் கடப்பதுதான் கடினமாயிற்று. அமெரிக்க எல்லையைத் தாண்டி 1948இல் கனடாவின் டொரண்டோவுக்கு மாநாடு கிடைத்தது. ஐரோப்பாவுக்கு 1957 வரை, லண்டன் மாநாடு வரை, காத்திருக்க நேர்ந்தது. மாநாடு நகராதபோது மனிதரையாவது நகர்த்த, அட்லாண்டிக்கின் ஒரு கரை ரசிகரை மறுகரைக்கு அனுப்பும் நிதி 1953இல் தொடங்கப்பட்டது. 1970இல் ஹைடல்பெர்க், 1975இல் மெல்பர்ன் என வட்டம் விரிந்தபோது புதிய சிக்கல் எழுந்தது: அவ்வளவு தொலைவு போக முடியாத அமெரிக்கர் என்ன செய்வது? வெளிக் கண்டத்தில் உலக மாநாடு நடக்கும் ஆண்டில் வட அமெரிக்காவுக்குத் தனி மாநாடு என்று விடை கண்டனர். அதன் முதல் கூட்டம் 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது.

பின்னாளில் மண்டல முறை கைவிடப்பட்டது. வாக்கெடுப்பு நடக்கும் இடத்திலிருந்து 500 மைலுக்குள் உள்ள ஊர் போட்டியிடக் கூடாது என்ற விதி அதன் இடத்துக்கு வந்தது. தொடக்கத்தில் கூட்டத்தில் அமர்ந்திருந்தோரே ஊரைத் தேர்ந்தனர்; பிறகு கட்டணம் செலுத்திய உறுப்பினர் வராமலே வாக்களிக்க வழி பிறந்தது. என் மதிப்பீட்டில் மண்டலக் கோடுகளை அழித்ததைவிடப் பெரிய மாற்றம் இதுவே. அதற்கு அண்மைச் சான்று உண்டு: 2021 டிசம்பரில் வாஷிங்டன் மாநாட்டில் எண்ணிய வாக்குகளில் சீனாவின் செங்டு 2006 பெற்றது, கனடாவின் வினிபெக் 807. 2023 மாநாடு செங்டுவுக்குப் போனது. அதே ஆண்டின் வட அமெரிக்க மாநாட்டை வினிபெக் நடத்தியது.