யாகுமோவின் மரக்கரடிகள்

ஜப்பானின் ஹொக்காய்டோ தீவில் உள்ள யாகுமோ, 1878இல் ஒவாரி தொகுகாவா குடும்பத்தின் பழைய சாமுராய்கள் குடியேறிய ஊர். பனிக்காலம் வந்தால் வயல்வேலை நின்றுவிடும், வருமானமும் நிற்கும். 1920களின் தொடக்கத்தில் ஐரோப்பா சென்ற குடும்பத் தலைவர் தொகுகாவா யோஷிச்சிகா, சுவிட்சர்லாந்தில் உழவர்கள் செதுக்கி விற்கும் மரப்பொம்மைகளைக் கண்டு சிலவற்றை வாங்கிவந்தார். அதையே தம் பண்ணையாட்களும் செய்யட்டும் என்றார். உபதேசத்தோடு நின்றுவிடவில்லை; செய்ததை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். ஊரார் உளி பிடித்ததற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

1924இல் நடந்த கண்காட்சியில் ஊரின் முதல் மரக்கரடி வைக்கப்பட்டது. உருவம் பிசகாமல் வர, பண்ணையில் நிஜக் கரடி வளர்த்து அதைப் பார்த்துச் செதுக்கினார்கள். மெல்லிய உளியால் மயிர் மயிராகக் கீறுவது ஒரு பாணி. மயிரையே விட்டுவிட்டு, வெட்டிய தளங்களாலேயே உடலைக் காட்டுவது இன்னொன்று. பின்னதே கடினம்: தவறை மறைக்க அதில் கீறல்கள் இல்லை. 1928இல் உருவான உழவர் கலைச் சங்கம் பயிற்சியையும் விற்பனையையும் கவனித்தது.

அதே தீவின் அசாஹிகாவாவில் வாழும் பூர்வகுடிகளான ஐனு மக்களும் ஏறக்குறைய அதே காலத்தில் கரடி செதுக்கத் தொடங்கினர். போருக்குப் பின் சுற்றுலாப் பயணிகள் வாங்கிச்சென்ற, வாயில் சால்மன் மீன் கவ்விய கரடி ஹொக்காய்டோவின் அடையாளமானது. யாகுமோவின் பழைய கரடிகளை இன்று அவ்வூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.