குருத்தோலை

உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய ஞாயிறு, மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் பௌர்ணமியைக் கொண்டு அத்திருநாள் கணிக்கப்படுவதால், மார்ச் 15 முதல் ஏப்ரல் 18 வரை, அதாவது பங்குனித் தொடக்கத்திலிருந்து சித்திரையின் முதல் நாள்கள் வரை, ஆண்டுதோறும் இடம் பெயர்கிறது. நாள் நிலையாத இத்திருநாளுக்குத் தமிழர் இட்ட பெயரோ, குருத்தோலை ஞாயிறு என்று நிலைபெற்றுவிட்டது.

இயேசுநாதர் கழுதையின்மேல் எருசலேமுக்குள் பிரவேசித்த நிகழ்ச்சியைச் சுவிசேஷகர் நால்வரும் கூறினும், ஜனங்கள் கையிற் பிடித்துச் சென்றது பேரீச்சையின் மட்டையே என்று விளங்க உரைப்பவர் யோவான் ஒருவரே. மத்தேயுவும் மாற்கும் மரக்கிளை, தழை என்ற அளவில் நிற்க, லூக்கா வழியில் விரித்த வஸ்திரங்களோடு அமைகிறார். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எஜெரியா என்னும் பெண்மணி, ஒலிவ மலையிலிருந்து இறங்கிய பவனியில், தோளில் சுமக்கப்பட்ட குழந்தைகள்கூடப் பேரீச்சை மட்டையோ ஒலிவக் கிளையோ ஏந்திவந்ததை எழுதிவைத்திருக்கிறார். பேரீச்சை வளராத ருஷிய தேசத்தார் அலரி வகைச் செடியின் மொட்டுக் கொம்புகளை ஏந்தி, அச்செடியின் பெயரையே அந்த ஞாயிற்றுக்குச் சூட்டினார்கள்.

தமிழர் செய்தது வேறு. அவர்கள் எந்த மரத்தின் பெயரையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓலை என்பது இலை அன்று; வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்று வகுத்த தொல்காப்பிய மரபியல், ஓலை, மடல், பாளை, ஈர்க்கு ஆகியவற்றைப் புல்லுக்குரிய உறுப்புகளாகவே எண்ணுகிறது. பனையும் தெங்கும் ஈந்தும் அவ்வினத்தனவே. குருத்து என்பதோ பருவத்தின் பெயர்: வாழைக்குருத்து, காதுக்குருத்து என்னும் வழக்குகளிற்போல, முற்றாத இளமையைக் குறிப்பது. ஆகவே குருத்தோலை என்ற தொடர், இனத்தையும் இளமையையும் சொல்லி, மரத்தைச் சொல்லாமல் விடுகிறது. கோயில் விழாவிலும் மணப்பந்தலிலும் தோரணமாகத் தொங்கி, மங்கலத்தின் அடையாளமாக முன்னரே விளங்கிய ஒரு பொருளை, அரசரை எதிர்கொள்ளும் பவனிக்கு எடுத்தாண்ட தமிழரின் நுண்ணுணர்வை எத்தனை போற்றினும் தகும். மலையாளத்தாரும் இந்நாளைக் குருத்தோலைப் பெருநாள் என்பர். பெரிய வியாழன் இரவில் பெஸகா அப்பத்தின்மேல் அவர்கள் வைக்கும் சிலுவையும் குருத்தோலைப் பெருநாளன்று மந்திரித்த ஓலையே.

தில்லியில், வினய் நகர் என்று முன்னர் வழங்கிய சரோஜினி நகரில், மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தராய்க் குடியேறிய தமிழருக்குக் குருத்தோலை என்ற சொல் ஒரு சோதனையை வைத்தது. அங்கே தென்னை இல்லை. கைக்கு எட்டுவது ஈச்ச ஓலையே. ஹிந்தி பேசும் கிறிஸ்தவர்கள் இந்நாளைக் கஜூர் இத்வார் என்று மரத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். தென்னங்குருத்து வெளிர்மஞ்சளாய், மெழுகுபோல் வளைந்து, ஈர்க்கை உரித்த இரண்டு கீற்றில் சிலுவையாய் மடங்கிவிடும். ஈச்ச ஓலையோ குறுகி விறைத்து, நுனி ஊசியாய் விரலைக் குத்தும். ஆயினும் அதையும் மடித்துச் சுவாமி படத்தின் பின்னே செருகுகிறார்கள். வைகாசி வெயிலின் அனற்காற்றில் அது சில நாளிலேயே சருகாகி, மறு ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில், சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பலுக்காக எரிக்கப்படுகிறது. 

ஈச்ச ஓலையைக் குருத்தோலை என்பது பொருந்துமோ என்று தயங்குவோர் உண்டு. தயக்கத்திற்கு இடமில்லை. ஈந்து, ஈஞ்சு, ஈச்சு என்று திரிந்த அம்மரத்தின் பெரிய உறவே பேரீந்து எனப்படும் பேரீச்சை. ஆதலால் யோவான் சொன்ன பொருளுக்குத் தென்னையைவிட நெருங்கியது தில்லியின் ஓலைதான். தலைநகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் கஜூர் இத்வாரையும் அறியட்டும். வீட்டில் மாத்திரம், ஈச்ச மட்டையின் உச்சியில் விரியாத இளங்கீற்றைத் தேடி எடுத்து, அதைக் குருத்தோலை என்றே சொல்லிக் கொடுங்கள்.