பேர்ப்பதிவும் மருந்தும்: ஊவாத் தோட்டங்களிற் சுகாதாரச் சீர்திருத்தங்கள்

சுகாதாரச் சீர்திருத்தம் எதனையும் மதிப்பிடப் புகுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அது யாரைக் காக்கின்றது? செலவை யார் தாங்குகின்றனர்? காக்கப்படும் உரிமை எதனோடு பிணைக்கப்பட்டுள்ளது? முதலிரு வினாக்களும் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. மூன்றாவதோ அவ்வளவு கவனத்தைப் பெறவில்லை. இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றில், சிறப்பாகப் பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளை உள்ளடக்கிய ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில், அம்மூன்றாவது வினாவே ஏனையிரண்டின் பயனையும் தீர்மானித்து வந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிச் செய்கையின் ஆரம்ப காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதியும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டன. தோட்டங்களிலும் நோயுற்று உழைக்க இயலாதோர் நீக்கப்பட்டுத் தெருவோரங்களில் மாண்ட செய்திகள் அக்கால ஆவணங்களில் இடம்பெற்றுள்ளன. பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924 இலாகும். ஆகவே, மலைகளால் மறிக்கப்பட்ட ஊவாவில் வைத்தியரின் தூரம் பிறவிடங்களிலும் பெரிதாயிருந்தது எனலாம்.

இந்நிலையிலேதான் 1872 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. நோயுற்ற தொழிலாளிக்கு வைத்திய வசதி அளிக்கும் பொறுப்பு தோட்டத்தின் மீது சுமத்தப்பட்டது. செலவின் ஒரு பகுதியைத் தோட்டச் சொந்தக்காரரிடம் வரியாகப் பெற வழிசெய்யப்பட்டது. துரைமார் இதனை விரும்பவில்லை. 1880களில் அச்சுமை தோட்ட விளைபொருள்கள் மீதான ஏற்றுமதித் தீர்வைக்கு மாற்றப்பட்டது. சீர்திருத்தம் தொடங்கிய நாள் முதலே, "யார் கொடுப்பது?" என்னும் வழக்கும் தொடங்கிவிட்டது என்பது இதனாற் புலனாகும்.

1912 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வேற்பாட்டினை விரிவாக்கியது. லயன்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், நோயாளரை அறிந்துகொள்ளுதல், கடுநோய் கண்டவிடத்து மாவட்ட வைத்திய அதிகாரியை அழைத்தல், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் வழங்குதல் ஆகியன தோட்டத்துரையின் கடமைகளாயின. எழுத்தளவில் இவை அற்பமானவையல்ல. ஆயினும் நோயை முதலிற் காண்பவரும், அது கடுநோயா என்று தீர்ப்பவரும், வைத்தியரை அழைத்தால் அதற்குரிய செலவைத் தாங்கும் தோட்டத்தின் பிரதிநிதியும் ஒருவரே. கடமையும் சிக்கனமும் ஒரே கையில் இருந்தால் எது வெல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் வெளியுலகில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. ஜேர்மனியில் பிஸ்மார்க் 1883 இல் தொழிலாளர் நோய்க் காப்புறுதியை ஏற்படுத்தினார். பிரித்தானியாவில் 1911 இன் தேசியக் காப்புறுதிச் சட்டம் தொழிலாளியிடம் வாரமொன்றுக்கு 4 பென்சும், முதலாளியிடம் 3 பென்சும், அரசிடம் 2 பென்சும் பெற்று நிதியொன்றைக் கட்டியெழுப்பியது. அச்சட்டமும் குறையற்றதன்று, தொழிலாளியின் மனைவி மக்களுக்கு அதில் வைத்தியம் இல்லை. எனினும் முத்திரை ஒட்டிய அட்டை தொழிலாளியின் பெயரில் இருந்தது. ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குச் சென்றாலும் உரிமை அவனுடன் சென்றது.

அடுத்த ஆண்டிலே பிரித்தானிய ஆட்சி இலங்கையில் இயற்றிய சட்டத்திலோ, தொழிலாளி தவணைப்பணம் எதுவும் கட்டவில்லை. இதனைச் சலுகையென்று கூறுவாரும் உளர். அவன் கட்டவேண்டிய பணம் குறைந்த கூலியினுள்ளே முன்கூட்டியே கழிக்கப்பட்டிருந்தது என்பதே பொருத்தமாகும். அவன் கட்டியதாகக் கணக்கில் எழுதப்படாமையால் உரிமையும் அவனுடையதாகவில்லை. அது தோட்டத்தின் பேர்ப்பதிவுக்கே உரியதாயிற்று. ஈண்டு ஒரு முரணைக் குறிப்பிடல் தகும். 1921 இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையின்படி, தொழிலாளி தோட்டம் மாறும்போது அவனது கடன் துண்டில் எழுதப்பட்டு அவனைத் தொடர்ந்தது. கடன் அவனோடு நடந்தது. வைத்திய உரிமை நடக்கவில்லை.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவ்வெழுவருள் ஒருவரான எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியின் பிரதிநிதியாவார். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்பும் அக்குரலை அடக்கின. 1952 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் தோட்ட மக்களின் கட்சிக்கு ஓர் உறுப்பினரும் இலர். இக்காலமே இலங்கைச் சுகாதாரத் துறையின் பொற்காலமென்று போற்றப்படும் காலமாகும். 1951 இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1952 இல் சுகாதார சேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. கிராமங்கள்தோறும் வைத்தியசாலைகள் எழுந்தன. வாக்காளரின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தே இவை எழுந்தன. வாக்கில்லாதார் வாழ்ந்த மலைகளில் தோட்டத்து மருந்துச் சாலையே தொடர்ந்தும் முதன்மை பெற்றது. இலவச வைத்தியத்தைத் தாங்கிய அரச வருமானத்தில் தேயிலை ஏற்றுமதித் தீர்வை பெரும் பங்கு வகித்தது என்பதனையும் மறத்தலாகாது.

1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டு 1977 இல் கைவிடப்பட்டது. அந்த 25 சதம் பற்றி நாடெங்கும் விவாதம் எழுந்தது. தோட்டத் தொழிலாளியின் வைத்தியச் செலவோ என்றும் அந்த 25 சதத்தில் அடங்கியதன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமை கைமாறிய அவ்வாண்டுகளிலேயே உணவுப் பஞ்சமும் நேர்ந்து, தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது. அரசே தோட்டக்காரனாகவும் சுகாதாரப் பொறுப்பாளனாகவும் இருந்த அக்காலத்தில் இரு சேவைகளையும் ஒன்றாக்க வாய்ப்பு இருந்தது. தாய் சேய் நலத்தில் முன்னேற்றம் காணப்பட்டமை உண்மையே. ஆனால் தோட்ட வைத்தியசாலை தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கணக்கிலும், அரசாங்க வைத்தியசாலை அமைச்சின் கணக்கிலுமாகப் பிரிந்தே நின்றன.

1987 இல் மாகாண சபைகள் தோன்றியதும் அமைச்சின் பொறுப்புகளிற் பெரும்பகுதி மாகாணங்களுக்குச் சென்றது. 1992 இல் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட மக்களின் வீடமைப்பு, நலன்புரிப் பணிகளுக்கென அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த நிதியம் ஒன்றும் உருவாயிற்று. பின்னர் தோட்ட வைத்தியசாலைகளுட் சில அரசாங்கத்தால் ஏற்கப்பட்டன, பல ஏற்கப்படவில்லை. இவ்வாறு ஒரே மலையில் மூன்று பொறுப்பாளர் தோன்றினர். பொறுப்பாளர் பெருகியவிடத்துப் பொறுப்பு மெலிதல் இயல்பேயாகும்.

இவ்விடத்து என் குடும்ப அனுபவமொன்றைக் கூறுதல் மிகையாகாதென நம்புகிறேன். என் பாட்டியார் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். பேர் வெட்டிய பின்னர் அவருக்கு நீரிழிவு நோய் கண்டது. தோட்டத்து மருந்துச் சாலையில் அதற்குரிய மருந்து இருக்கவில்லை. மாதந்தோறும் விடியற்காலையில் அவரைப் பதுளைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே எவரும் ஒரு சதமும் கேட்டதில்லை. வைத்தியரும் தாதியரும் அன்பாகவே நடந்தனர். ஆனால் உடன் சென்ற என் தாயாருக்கு அன்றைய பேர் இல்லை. தோட்டத்தில் ஒரு நாட் கூலியைப் 'பேர்' என்பதே வழக்கு. "மருந்து சும்மாதாய்யா குடுக்குறாங்க, அத வாங்கப் போறதுக்குத்தான் ஒரு பேரு போகுது" என்று பாட்டியார் என்னிடம் கூறுவார். பொருளியல் நூல்கள் மறைமுகச் செலவு என்று குறிப்பிடுவதை இதனிலும் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

அச்சொல்லின் துணைகொண்டு நோக்கின், 1872 முதல் நிகழ்ந்த சீர்திருத்தங்கள் அனைத்திற்கும் பொதுவான ஓர் இயல்பு தெரியவரும். செலவு துரையிடமிருந்து தீர்வைக்கும், தீர்வையிலிருந்து பொது வரிக்கும், அங்கிருந்து கூட்டுத்தாபனத்திற்கும், பின் கம்பனிக்கும் நிதியத்திற்குமாகக் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கணக்கில் எழுதப்படாத மீதி நோயாளியின் மடியிலேயே விழுந்தது. தோட்டத்தின் கடமை பேர்ப்பதிவோடு பிணைந்திருந்தது. அரசின் கடமை வைத்தியசாலை வாயிலோடு நின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மலைப்பாதை எவருடைய கணக்கிலும் இல்லை.

தொழிலாளருக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தால் இக்குறை தீரும் என்று கருதுவாரும் உளர். தொழிலோடு பிணைக்கப்பட்ட காப்புறுதி தொழில் போனதும் போய்விடும் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் காட்டிற்று. ஆங்கு வேலையிழந்த நோயாளிக்குக் காப்புறுதி மறுக்கப்படுவதைத் தடுக்க 2010 இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. தோட்டத்தில் இன்று வாழ்வோருட் பலர் பேர் பதிந்தவரல்லர். முதியோரும், கொழும்பிலும் பதுளை நகரிலும் வேலைசெய்யும் இளைஞரும் அவர்தம் பிள்ளைகளுமாவர். பேரைக் கேட்டு வழங்கப்படும் எக்காப்பும் இவர்களை எட்டாது.

ஆகவே வைத்திய உரிமை பேர்ப்பதிவிலிருந்து பிரிக்கப்பட்டு வசிப்பிடத்தோடு பிணைக்கப்படுதல் வேண்டும். தோட்ட மருந்துச் சாலைகள் மாகாண சேவையின் உறுப்புகளாதலும், நீடித்த நோய்களுக்கான மாதாந்த மருந்து மலைமேலேயே கிடைத்தலும் அதன் முதற்படிகளாகும். இது புதிய சலுகையன்று. ஒன்றரை நூற்றாண்டாகக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டுவந்த தவணைப்பணத்திற்கு உரிய காப்பேயாகும். ஒரு பேரை இழக்காமல் ஒரு முதியவள் மருந்து பெறும் நாளில், 1872 இல் தொடங்கிய சீர்திருத்தம் ஊவா மலைகளில் நிறைவெய்தியதெனக் கொள்ளலாம்.