ராமானுஜனின் கம்பளி

கேம்பிரிட்ஜில் ராமானுஜன் கழித்த ஐந்தாண்டுகளைப் பற்றிப் பேசும்போது கணிதத்தைப் பேசுகிறோம், நோயைப் பேசுகிறோம். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கம்பளி.

1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தவர் ட்ரினிட்டி கல்லூரியில் ஆய்வு மாணவரானார். கிங்ஸ் கல்லூரியில் பயின்ற மகலனோபிஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றார். இரவில் குளிர் தாங்கவில்லை, மேலங்கியோடு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டு, விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதே ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எஸ்.ஆர். ரங்கநாதனின் 1967ஆம் ஆண்டு நூலில் இச்செய்தி உள்ளது.

அந்தக் குளிரைப் போக்கியது பேரறிவு அல்ல. அறைக்குள் வந்து பார்த்த ஒரு சக மாணவனின் கண்.

அத்தகைய கண்கள் விரைவிலேயே விலகிப்போயின. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. மாணவர்கள் போர்முனைக்குச் சென்றார்கள். கணித அறிஞர் லிட்டில்வுட்டும் படைப்பணிக்குப் போனார். மகலனோபிஸ் 1915இல் தாயகம் திரும்பினார். கல்லூரி உணவுக்கூடத்தில் கூடி உண்பதுதான் அங்கே நட்பு வளரும் வழி. மரக்கறி உணவுக்காரரான ராமானுஜனோ தம் அறையில் தனியே சமைத்துண்டார். வீட்டுக் கடிதங்களும் அருகின.

ஹார்டி இருந்தாரே என்று கேட்கலாம். இருந்தார், அநேகமாக ஒவ்வொரு நாளும். ஆனால் புதிய தேற்றங்களின் பெருக்கில், பழையவற்றை எப்படிக் கண்டடைந்தீர்கள் என்றுகூடத் தாம் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே வருந்தினார். கணிதத்திலேயே கேட்க விடுபட்டவை அவ்வளவு என்றால், உறக்கத்தைப் பற்றியும் ஊரைப் பற்றியும் யார் கேட்டிருப்பார்கள்?

1917இல் உடல் நலிந்து மருத்துவ இல்லங்களில் தங்க நேர்ந்தது. அந்நோய்க்காலத்தில் ஒருநாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஹார்டியிடம் அறிந்த இதை இயற்பியலறிஞர் சந்திரசேகர் பின்னர் பதிவுசெய்தார். காவலர்களிடமிருந்து அவரை மீட்டவரும் ஹார்டியே. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், அக்டோபரில் ட்ரினிட்டி ஃபெல்லோ பதவியும் கிடைத்தன. 1919இல் தாயகம் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று மறைந்தார்.

நோயைத் தனிமை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. பேராசிரியரின் அன்பும் உதவித்தொகையும் விருதும் ஒரு மாணவனுக்குப் போதும் என்று நாம் எண்ணிக்கொள்வதையே சொல்கிறேன். இன்றும் விடுதி அறைகளில் கம்பளியின் மேலேயே படுத்து நடுங்குபவர்கள் உண்டு. மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது. கதவைத் தட்டி உள்ளே போனால்தான் தெரியும்.