எண்ண வேண்டியது மரணங்களை

1947-இல் பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை தொடங்கியபோது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை மருந்துக் கையிருப்பே தீர்மானித்தது. இருந்தது கொஞ்சம்தான். மேலும் வாங்க டாலர் இல்லை. நோயாளி ஒருவரைச் சேர்க்கும்போது ஒட்டிய உறை ஒன்றைப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கும் அட்டை, அந்த நோயாளிக்கு மருந்து உண்டா, வெறும் படுக்கை ஓய்வு மட்டுமா என்று சொல்லும். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும் பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். ஆக மொத்தம் 18 மரணங்கள். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

ஆயுளை அளக்கும் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. கணக்கை முடிக்கும் நாளில் பலர் உயிரோடு இருப்பார்கள். அவர்கள் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்று எப்படி எழுதுவது?

இதே கேள்வி வேறோர் இடத்திலும் எழுந்தது. பெல் ஆய்வகத்தில் எட்வர்ட் கப்லான், கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் குரலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். பால் மையர் புற்றுநோயாளிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். இருவரின் விடையும் ஒன்றையொன்று நெருங்கியிருக்க, 1958-இல் ஒரே கட்டுரையாக வெளிவந்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு படி இறங்கும் அந்தக் கோடு இன்றும் மருத்துவ இதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. இரண்டு கோடுகளை ஒப்பிடும் லாக்-ரேங்க் முறையை 1966-இல் நேதன் மேன்டல் வகுத்தார். 1972-இல் பீட்டோ சகோதரர்கள் அதற்குப் பெயரிட்டார்கள்.

ஆனாலும் எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கைப் பலர் போடவே இல்லை. 1978-இல் ஃப்ரைமன் குழுவினர், 'பலனில்லை' என்று முடிந்த 71 சோதனைகளை மறுபடி புரட்டினார்கள். அவற்றில் 50 சோதனைகள், மருந்து பாதிக்குப் பாதி பலன் தந்திருந்தாலும் அதைத் தவறவிட்டிருக்கக்கூடிய அளவுக்குச் சிறியவை. இது வேதனையான கணக்கு. நல்ல மருந்துகள் சில இப்படியே கைவிடப்பட்டிருக்கக்கூடும்; உடம்பைக் கொடுத்து ஒத்துழைத்த நோயாளிகளின் பாடும் வீணாகியிருக்கும்.

1980-களின் தொடக்கத்தில் டேவிட் ஷோன்ஃபெல்ட் தந்த சூத்திரம் விஷயத்தின் மையத்தைத் தொட்டது: சோதனையின் பலம் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் இல்லை, நிகழும் மரணங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. மருந்து இறப்பு வேகத்தைக் கால்வாசி குறைக்கும் என்றால், அதை நூற்றுக்கு எண்பது வாய்ப்போடு பிடிக்க, வழக்கமான 5 சதவீத அளவுகோலில், 380 மரணங்கள் வேண்டும். பாதியாகக் குறைக்கும் என்றால் 66 போதும். கால் பங்காகவே சுருக்கிவிடும் என்றால் 17. ஸ்ட்ரெப்டோமைசின் அப்படிப்பட்ட மருந்து. அதனால்தான் அந்தப் 18 மரணங்களே விடை சொல்லிவிட்டன. பெரும்பாலான மருந்துகளுக்கு அந்த வலு இல்லை.

380 மரணங்களுக்கு எத்தனை பேர் என்பது நோயைப் பொறுத்தது. கண்காணிப்புக் காலத்தில் பாதிப்பேர் இறக்கும் நோயில் 760 பேர். பத்தில் ஒருவரே இறக்கும் நோயில் 3,800 பேர். இதனால் இன்று பல புற்றுநோய்ச் சோதனைகளின் திட்ட ஏட்டில், முடிவை எப்போது அலசுவது என்ற இடத்தில் தேதி இருப்பதில்லை. மரணங்களின் எண்ணிக்கைதான் இருக்கிறது. சேர்க்கை முடிந்த பிறகும், அந்த எண் நிறையும்வரை கோப்பு திறந்தே இருக்கும்.