மாவு அரைத்த அணை

பிரான்சின் தென்பகுதியில் உள்ள துலூஸ் நகரத்துக்குள் கரோன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், வலது கரையோரமாகத் தண்ணீரில் காலூன்றி நிற்கிறது ஒரு செங்கல் கட்டடம். பெயர் பசாக்ல். இன்று அது ஒரு நீர்மின் நிலையம். கூடவே ஒரு கண்காட்சிக் கூடமும் உண்டு. மின்சாரம் வருவதற்கு முன்பு, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக அந்த ஊருக்கு மாவு அரைத்துக் கொடுத்ததும் இதே இடம்தான்.

அதற்கும் முன்னால் துலூஸின் ஆலைகள் ஆற்றின் மேலேயே மிதந்தன. படகுகளைச் சங்கிலியால் கட்டி நிறுத்தி, ஓடும் தண்ணீரில் சக்கரத்தை இறக்கி, மேலே திருகைக் கல்லைச் சுழலவிடுவார்கள். ஆனால் கரோன் சாதுவான ஆறல்ல. பிரனீஸ் மலையில் பனி உருகினால் இங்கே வெள்ளம். சங்கிலி அறுந்த ஆலைப் படகு, கீழே நிற்கும் படகுகளையும் பாலத்தையும் மோதி உடைத்துக்கொண்டு போகும். இதற்கு முடிவு கட்ட, 12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலைக்காரர்கள் கரையேறினார்கள். பசாக்லில் ஆற்றின் படுகை பாறை, ஆழமும் குறைவு. பழைய காலம் முதல் ஆளும் வண்டியும் இறங்கிக் கடந்த துறை அது. அணை கட்ட அதைவிடத் தோதான இடம் ஏது?

ஆயிரக்கணக்கான ஓக் மரக்கட்டைகளைப் படுகையில் அடித்து இறக்கி, இடையில் மண்ணும் சரளையும் பாறையும் கொட்டி நிரப்பினார்கள். ஆற்றை நேர்குறுக்காக வெட்டாமல் சாய்வாகப் போட்டதால் அணையின் நீளம் சுமார் 400 மீட்டர் ஆனது. வெள்ளம் வந்தால் தண்ணீர் அதன் முதுகில் ஏறி வழிந்து போய்விடும். மற்ற நாட்களில் கரையோரம் இருக்கும் ஆலைகளை நோக்கித் திரும்பும். என்னைக் கேட்டால் பசாக்லின் உயிர் இந்த அணையில்தான் இருக்கிறது. சுவர்கள் மாறின, சக்கரங்கள் மாறின, அரைக்கும் பொருள்கூட இல்லாமல் போனது. தண்ணீர் விழும் அந்த உயரத்தை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியது.

காப்பாற்றியவர்கள் யார் என்பதுதான் இதில் பெரிய செய்தி. எந்த அரசனும் இதற்குச் செலவு செய்யவில்லை. ஒவ்வொரு ஆலையையும் எட்டுப் பங்காகப் பிரித்து ஊர்க்காரர்கள் வைத்திருந்தார்கள். பங்கை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். அரவைக் கூலியாக எடுத்துக்கொண்ட தானியத்தைப் பங்குக்கேற்ப அளந்து கொடுத்தார்கள். அணை உடைந்தால் மராமத்துச் செலவையும் அதே கணக்கில் கேட்டு வாங்கினார்கள். 1372-இல் தனித்தனி ஆலைகள் எல்லாம் ஒப்பந்தம் எழுதி ஒரே நிறுவனமாயின. பங்குதாரர்கள் ஆண்டுதோறும் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், கணக்குப் பார்த்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1602-இல்; அதற்கு 230 ஆண்டுகள் முந்தியது இது. ஜெர்மைன் சிகார் என்ற சட்ட வரலாற்றாசிரியர் இந்த ஆவணங்களைப் படித்து 1953-இல் நூலாக வெளியிட்ட பிறகே, கூட்டுப் பங்கு நிறுவனத்தின் வரலாற்றை இவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க முடிந்தது.

ஒற்றுமை உள்ளுக்குள்தான், அயலாரிடம் இல்லை. ஆற்றில் சற்று மேலே தோராட் என்ற இடத்தில் இன்னொரு அணையும் ஆலைகளும் இருந்தன. பசாக்ல்காரர்கள் தங்கள் அணையை உயர்த்தியபோது, தேங்கிய நீர் பின்னேறித் தோராட் சக்கரங்களின் அடியில் நின்றது. விழுவதற்கு இடமில்லாத தண்ணீர் எந்தச் சக்கரத்தைச் சுழற்றும்? தலைமுறை தலைமுறையாக வழக்கு நடந்தது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோராட் ஆலைகள் ஓய்ந்தன. அந்தப் பக்கத்தின் நட்டத்தைச் சொல்லாமல் பசாக்லின் வெற்றியை மட்டும் சொல்வது நியாயமாகாது.

உள்ளே இயந்திரம் எப்படி இருந்தது? நாம் படங்களில் பார்க்கும் செங்குத்துச் சக்கரம் இங்கே இல்லை. தரையில் கிணறு போன்ற வட்டத் தொட்டி. அதன் அடியில் படுக்கைவாக்கில் ஒரு மரச்சக்கரம். அண்டாவின் விளிம்பை ஒட்டித் தண்ணீர் ஊற்றினால் எப்படிச் சுழன்று இறங்குமோ, அப்படி ஆற்று நீர் தொட்டிக்குள் பக்கவாட்டில் பாய்ந்து, சுழித்து, சக்கரத்தின் இதழ்களைத் தள்ளிவிட்டுக் கீழே வெளியேறும். சக்கரத்தின் அச்சு நேரே மேல்தளத்துக்குப் போய்த் திருகையின் மேற்கல்லைப் பிடித்திருக்கும். பல்சக்கரம் எதுவும் கிடையாது. ஆகவே உடைவதற்கும் தேய்வதற்கும் உறுப்புகள் குறைவு. 1737-இல் பிரெஞ்சுப் பொறியாளர் பெலிடோர் தம் நீர்ப்பொறியியல் நூலில் பசாக்லின் இந்த அமைப்பை விவரித்து எழுதினார். படுக்கைச் சக்கரங்களை மேம்படுத்தப் பிரெஞ்சுப் பொறியாளர்கள் பின்னர் எடுத்த முயற்சிகளில் இருந்தே 1827-இல் ஃபுர்னெய்ரோனின் டர்பைன் வந்தது.

1709-இல் பெருவெள்ளம் அணையை உடைத்துவிட்டது. பல ஆண்டுகள் உழைத்து மறுபடி கட்டினார்கள். அணை இருப்பதால் படகுகள் போக வழியில்லை என்ற பழைய குறைக்கு, 1776-இல் திறக்கப்பட்ட பிரியேன் கால்வாய் தீர்வானது. பசாக்லைச் சுற்றிக்கொண்டு படகுகள் மிதி கால்வாயைச் சேர அது வழிவிட்டது.

1880-களின் இறுதியில் அதே நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கல்லைச் சுழற்றிய தண்ணீர் டைனமோவைச் சுழற்றியது; துலூஸின் தெருக்களில் விளக்கெரிந்தது. 1946-இல் பிரான்ஸ் மின்துறையை நாட்டுடைமையாக்கியபோது, 1372-இன் நிறுவனம் முடிவுக்கு வந்து, நிலையம் அரசு மின்நிறுவனமான இ.டி.எஃப். கைக்குப் போனது. அந்த 574 ஆண்டுகளின் பங்கு விலையையும் ஈவுத்தொகையையும் நிதியியல் ஆய்வாளர்கள் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இத்தனை காலமும் மனிதரின் பங்கைப் பற்றியே கணக்கு எழுதினார்கள். கடலிலிருந்து முட்டையிட மேலேறி வரும் சால்மன் மீனுக்கு அணை ஒரு சுவர்தான். கடைசியில் 1980-களில்தான் பசாக்லில் படிப்படியான மீன்பாதை அமைத்தார்கள். கட்டடத்துக்குள் வருவோர் கண்ணாடி வழியே மீன்கள் ஏறிப்போவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே டர்பைன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய ஆலையில் செய்த மாற்றங்களில் நான் முதலிடம் தருவது இந்த மீன்பாதைக்குத்தான்.