வேகம் மட்டும் போதுமா? இரண்டு பிட்ச்சர்களின் கதை



பேஸ்பால் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. எட்டாவது இன்னிங்ஸ். ஆரம்பத்திலிருந்து வீசிய பிட்ச்சர் களைத்துவிட்டார். மைதானத்தின் ஓரத்தில் ஒரு கதவு திறக்கிறது, புதிதாக ஒருவர் ஓடி வருகிறார். அவர்தான் ரிலீஃப் பிட்ச்சர். ஒன்றிரண்டு இன்னிங்ஸ் வீசி, அணியின் வெற்றியைக் காப்பாற்ற வேண்டியது அவர் வேலை.

இவர்கள் பெரும்பாலும் மைனர் லீக்கிலிருந்துதான் வருகிறார்கள். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, சிறிய அணிகளை விலைக்கு வாங்கி, அவற்றில் இளைஞர்களை வளர்த்து மேலே கொண்டுவரும் முறையை உருவாக்கினார். பயிர் வளர்ப்பதுபோல ஆட்களை வளர்ப்பதால் அதைப் 'பண்ணை' முறை என்றார்கள். இன்றும் ரூக்கி, சிங்கிள் ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள் இருக்கின்றன. ஏறத் தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் உச்சிக்குப் போவதில்லை.

அப்படியானால் யார் போவார் என்று எப்படிக் கணிப்பது? நான் இந்தக் கேள்வியோடு பழைய புள்ளிவிவரங்களைப் படித்தபோது, இரண்டு பேர் என் மனதில் தங்கிவிட்டார்கள்.

எல்லோரையும் விட வேகமானவர்

ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி, அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் நகரைச் சேர்ந்தவர். 1957இல், பள்ளியை முடித்தவுடன் பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை எடுத்தது. அவரைப்போல வேகமாக வீசிய எவரையும் பார்த்ததில்லை என்று அவரோடு ஆடியவர்கள் கடைசிவரை சொன்னார்கள்.

எவ்வளவு வேகம்? கையடக்க ரேடார் கருவி அன்று கிடையாது. அதனால் 1958இல் அவரை மேரிலாந்தில் உள்ள அபர்டீன் இராணுவத் தளத்துக்குக் கொண்டுபோய், இராணுவத்தின் கருவியால் அளந்தார்கள். முந்தைய நாள்தான் ஒரு ஆட்டத்தில் வீசியிருந்தார். ஏறி நின்று வீச மேடும் இல்லை. பந்து கருவியின் பார்வைக்குள் விழவே நெடுநேரம் ஆயிற்று. கடைசியில் கிடைத்த எண்: மணிக்கு 93.5 மைல். களைத்த கையால் சமதரையிலிருந்து வீசிய வேகம் அது.

ஆனால் முதல் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 62 இன்னிங்ஸில் 121 ஸ்ட்ரைக் அவுட், 129 வாக். வாக் என்றால், நான்கு பந்துகள் சரியான இடத்தை விட்டு விலகிப் போனதால் எதிரணி ஆட்டக்காரர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது. கிரிக்கெட்டில் வைட் மாதிரி. 1960இல் 170 இன்னிங்ஸ் வீசினார். 262 ஸ்ட்ரைக் அவுட், அதே 262 வாக்!

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வாக் எண்ணிக்கையை இன்னிங்ஸால் வகுத்து, 9ஆல் பெருக்குங்கள். முழு ஆட்டம் ஒன்றுக்கு எத்தனை வாக் என்று தெரியும். டல்கோவ்ஸ்கிக்கு 1957இல் கிட்டத்தட்ட 19. 1960இல் 14. இப்படிப்பட்டவரை வெற்றியைக் காப்பாற்ற அனுப்ப எந்த மேலாளருக்கும் துணிவு வராது.

1962இல் எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் என்ற மேலாளரிடம் வந்தார். வீவர் அவருக்கான அறிவுரைகளைக் குறைத்து, எளிமையாக்கினார். வாக் எண்ணிக்கை ஆட்டத்துக்கு 6 வரை இறங்கியது. 1963 மார்ச்சில், ஓரியோல்ஸின் பெரிய அணியில் இடம் கிட்டத்தட்ட உறுதியான நேரம். ஒரு பயிற்சி ஆட்டத்தில் ரிலீஃப் பிட்ச்சராக இறங்கியபோது முழங்கையில் ஏதோ விட்டுப்போயிற்று. அந்த வேகம் திரும்பி வரவேயில்லை. பெரிய லீக்கில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.

யாரும் பெரிதாக நினைக்காதவர்

மரியானோ ரிவேரா, பனாமாவில் புவேர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊர்க்காரர். அப்பாவோடு மீன்பிடிப் படகில் வேலை செய்தார். ஊர் அணியில் பிட்ச்சராக இல்லாமல் ஆடியவர், ஒருநாள் பிட்ச்சர் சரியாக வீசாததால் அவருக்குப் பதில் வீசினார். 1990 பிப்ரவரியில் நியூயார்க் யாங்கீஸ் ஸ்கவுட் ஹெர்ப் ரேபோர்ன் அவரை ஒப்பந்தம் செய்தார். வேகம் 85 மைலைச் சுற்றித்தான் இருந்தது. ஆனால் கை சிரமமில்லாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சுழன்றது.

அந்த ஆண்டு ரூக்கி லீக்கில் 52 இன்னிங்ஸில் 58 ஸ்ட்ரைக் அவுட், 7 வாக் மட்டும். நம் கணக்கில் ஆட்டத்துக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும். அப்படியிருந்தும் ஏன் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை? ஸ்கவுட்கள் ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை புள்ளி போடுவார்கள். பெரிய லீக் சராசரி 50. 85 மைல் வேகத்துக்கு அந்த அட்டவணையில் மதிப்பு குறைவு. தவிர, அவருக்கு வயது 20. ரூக்கி லீக்கில் ஆடுபவர்கள் பலர் அவரைவிடச் சின்னவர்கள். சின்னவர்களை வெல்வதைப் பெரிய சான்றாக எடுக்க மாட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

1992இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. அதே ஆண்டு இரண்டு புதிய அணிகள் மற்ற அணிகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. யாங்கீஸ் தன் பாதுகாப்புப் பட்டியலில் ரிவேராவைச் சேர்க்கவில்லை. புதிய அணிகளும் அவரை எடுக்கவில்லை! 1995 மே மாதம் பெரிய லீக்கில் முதல் ஆட்டம்: தோல்வி. சில ஆட்டங்கள் கழித்து டிரிபிள் ஏ அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

தோள்வலியால் சிறிது ஓய்வெடுத்துத் திரும்பியபோது, ரேடார் திடீரென்று 95 மைல் காட்டியது. கருவி பழுது என்றே யாங்கீஸின் பொது மேலாளர் ஜீன் மைக்கேல் நினைத்தார். விசாரித்து உறுதி செய்துகொண்டதும், ரிவேராவை வேறு அணிக்குக் கொடுக்கும் பேச்சை நிறுத்தினார். ரிவேரா 2013இல் ஓய்வு பெறும்போது 652 ஆட்டங்களைக் காப்பாற்றியிருந்தார். இன்றும் அதுவே சாதனை. 2019இல், வாக்களித்த அத்தனை பேரின் ஆதரவோடும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்த முதல் வீரர் அவர்.

எதைப் பார்க்க வேண்டும்?

'வேகம் முக்கியமில்லை' என்று நான் சொல்ல வரவில்லை. ரிவேராவுக்கு அந்த 95 மைல் வராமலிருந்தால் அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். ஆனால் நினைத்த இடத்தில் வீசும் பழக்கமும் அலட்டாத கையும் ஏற்கெனவே இருந்ததால்தான், வேகம் வந்தபோது அது பயன்பட்டது. டல்கோவ்ஸ்கிக்கு வேகம் முதலில் வந்தது; மற்றது வந்து சேரும்போது கை போய்விட்டது.

எனவே ஒரு இளம் ரிலீஃப் பிட்ச்சரைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் வாக் எண்ணிக்கையைப் பார்ப்பேன். பிறகு, அவர் வயதுக்கு அந்த லீக் பொருத்தமா என்று பார்ப்பேன். ஓர் ஆண்டில் ஐம்பது, அறுபது இன்னிங்ஸ்தான் வீசுவார்கள். இரண்டு மோசமான நாட்கள் கணக்கையே மாற்றிவிடும். அதனால் ஓர் ஆண்டை மட்டும் வைத்து முடிவுகட்ட மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டத்தை விட்டபின் டல்கோவ்ஸ்கி கலிபோர்னியாவின் வயல்களில் கூலி வேலை செய்தார். குடி அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. பிறகு சொந்த ஊருக்குக் கூட்டி வரப்பட்டு, பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்தார். 2020 ஏப்ரலில், 80 வயதில், கோவிட் தொற்றால் இறந்தார். அவர் கையை அளக்க ஓரியோல்ஸ் இராணுவத் தளம்வரை போனது. ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளில் அந்த இளைஞருக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு. வீவர் யோசித்தார். ஒரே ஆண்டில் ஆட்டத்துக்கான வாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியதை அந்தப் பழைய அட்டவணையில் இன்றும் பார்க்கலாம்.